இணையவழி வானூர்திப் பயணச்சீட்டு முன்பதிவு

இணையவழி வானூர்திப் பயணச்சீட்டு முன்பதிவு என்பது வானூர்திப் பயணத்திற்கான இருக்கையை இணையத்தின் ஊடாகத் தெரிவு செய்து, கட்டணம் செலுத்தி, மின்பயணச்சீட்டைப் பெறும் முறையாகும். இது இரு வழிகளில் நடைபெறுகிறது. வானூர்தி நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலோ செயலியிலோ பதிவு செய்வது நேரடி முன்பதிவு எனப்படும். பல நிறுவனங்களின் சீட்டுகளை ஒரே இடத்தில் விற்கும் இணையவழிப் பயண முகவரிடம் பதிவு செய்வது முகவர்வழி முன்பதிவு எனப்படும். இரு வழிகளிலும் பயணியை ஏற்றிச் செல்லும் பொறுப்பு வானூர்தி நிறுவனத்தையே சாரும். எனினும் பயணம் மாறும்போதோ கைவிடப்படும்போதோ தகவலும் பணமும் யார் வழியாகப் பயணியை அடைகின்றன என்பதில் இவை வேறுபடுகின்றன. வானூர்தி நிலையம் இல்லாத பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பயணிகளுக்கு இவ்வேறுபாடு முக்கியமானதாகும்.

வரலாறு

கணினிவழி முன்பதிவின் தொடக்கம் 1960களைச் சேர்ந்தது. அமெரிக்கன் ஏர்லைன்சு, ஐ.பி.எம். ஆகிய நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய சேபர் என்னும் அமைப்பு இவற்றுள் முன்னோடியாகும். 1987-இல் ஐரோப்பிய நிறுவனங்கள் சில அமேடியசு அமைப்பை உருவாக்கின. இவ்வமைப்புகளைப் பெரும்பாலும் வானூர்தி நிறுவனங்களும் பயண முகவர்களுமே பயன்படுத்தி வந்தனர். 1996-இல் மைக்ரோசாப்டு நிறுவனம் தொடங்கிய எக்சுபீடியா போன்ற தளங்கள், பொதுமக்களே கட்டணங்களைப் பார்த்துச் சீட்டு வாங்க வழிவகுத்தன.

இந்தியாவில் மேக்மைட்ரிப் 2000-இல் நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அமெரிக்காவாழ் இந்தியர்களுக்குச் சீட்டு விற்ற இந்நிறுவனம், 2005-இல் உள்நாட்டுச் சந்தையில் இறங்கியது. யாத்ரா, கிளியர்டிரிப் ஆகியவை 2006-இல் தொடங்கப்பட்டன. 2003-இல் பறக்கத் தொடங்கிய ஏர் டெக்கான் முதலிய குறைந்த கட்டண நிறுவனங்கள் தம் சீட்டுகளை இணையத்தில் நேரடியாகவும் விற்றன. 2008 சூன் மாதம் முதல் பன்னாட்டு வான்போக்குவரத்துச் சங்கத்தின் உறுப்பு நிறுவனங்கள் காகிதச் சீட்டை விடுத்து மின்பயணச்சீட்டுக்கு மாறின. மேக்மைட்ரிப், கோஐபிபோ நிறுவனங்களின் இணைப்பு 2017-இல் நிறைவுற்றது. கிளியர்டிரிப்பை 2021-இல் பிலிப்கார்ட்டு வாங்கியது.

செயல்முறை

ஒவ்வொரு முன்பதிவுக்கும் பி.என்.ஆர். எனப்படும் ஆறு எழுத்து-எண் கொண்ட குறியீடு வழங்கப்படுகிறது. பயணியின் பெயர், பயண விவரம், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவை இதன்கீழ்ப் பதிவாகின்றன. முகவர் தமக்கெனத் தனியாக ஒரு பதிவு எண்ணையும் தருவதுண்டு. வானூர்தி நிறுவனத்தின் தளத்தில் சீட்டைச் சரிபார்க்க உதவுவது பி.என்.ஆர். குறியீடே ஆகும், முகவரின் பதிவு எண் அதற்குப் பயன்படாது.

பயணி செலுத்தும் தொகையில் அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம், வானூர்தி நிலையப் பயன்பாட்டுக் கட்டணம், வரிகள் ஆகியன அடங்கும். இவற்றுடன் வசதிக் கட்டணம் என்ற பெயரில் ஒரு தொகை சேர்க்கப்படுகிறது. இதனை முகவர்கள் மட்டுமன்றி, இந்திய வானூர்தி நிறுவனங்கள் சிலவும் தம் சொந்தத் தளங்களில் வசூலிக்கின்றன.

கூகுள் பிளைட்சு, இசுகைசுகேனர் போன்றவை பெரும்பாலும் விலையை ஒப்பிட்டுக் காட்டும் தேடுபொறிகளே. இவற்றில் தெரியும் கட்டணத்தைச் சொடுக்கும்போது பயணி ஒரு முகவரின் தளத்திற்கோ வானூர்தி நிறுவனத்தின் தளத்திற்கோ அனுப்பப்படுகிறார்.

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில்

இவ்விரு மாவட்டங்களும் முன்னர்த் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தவை. பெரம்பலூர் 1995-இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகிப் பின்னர் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிக்கப்பட்டது. இரண்டுக்கும் அருகிலுள்ள வானூர்தி நிலையம் திருச்சிராப்பள்ளி பன்னாட்டு வானூர்தி நிலையமாகும். இது பெரம்பலூர் நகரிலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ., அரியலூர் நகரிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. அரியலூர் விழுப்புரம்–திருச்சி தொடர்வண்டிப் பாதையில் அமைந்துள்ளது. பெரம்பலூர் நகருக்குத் தொடர்வண்டி நிலையம் இல்லாததால், பயணிகள் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையே நம்பியுள்ளனர்.

திருச்சி நிலையம் 2012 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாக அறிவிக்கப்பட்டது. அதன் புதிய முனையம் 2024 சனவரி 2 அன்று திறந்து வைக்கப்பட்டு, அதே ஆண்டு சூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. இங்கிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் முதலிய நகரங்களுக்குச் சேவைகள் நடத்தப்பட்டு வந்துள்ளன. இந்நிலையத்தை வேலைக்காக வெளிநாடு செல்வோர் பெருமளவில் பயன்படுத்துகின்றனர்.

சிற்றூர்களிலிருந்து செல்வோருக்குச் சீட்டைப் பெரும்பாலும் உறவினரோ, ஊரிலுள்ள டிராவல்ஸ் கடைக்காரரோ, வேலைக்கு அனுப்பும் முகவரோ பதிவு செய்து தருகின்றனர். கடைக்காரரும் ஓர் இணையவழி முகவரின் தளத்திலேயே பதிவு செய்யக்கூடும். அவ்வாறாயின் பயணிக்கும் வானூர்தி நிறுவனத்திற்கும் இடையே இருவர் நிற்கின்றனர்.

இரு முறைகளின் ஒப்பீடு

கட்டணம்

பல நிறுவனங்களின் நேரத்தையும் விலையையும் ஒருங்கே காணலாம் என்பது முகவர் தளங்களின் முதன்மைப் பயனாகும். வங்கி அட்டைகளுக்கான தள்ளுபடிகளால் சில வேளைகளில் விலையும் குறையும். எனினும் இறுதிப் பக்கத்தில் சேரும் வசதிக் கட்டணம், முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டிருக்கும் காப்பீடு ஆகியவற்றையும் கூட்டியே விலையை ஒப்பிட வேண்டும். சீட்டை நீக்கினால், வானூர்தி நிறுவனம் பிடிக்கும் தொகையுடன் முகவரும் தனியாக ஒரு தொகையைப் பிடிப்பது வழக்கம்.

தொடர்பு விவரம்

நேர மாற்றம் குறித்த அறிவிப்புகள் பி.என்.ஆர். பதிவிலுள்ள எண்ணுக்கும் மின்னஞ்சலுக்குமே அனுப்பப்படுகின்றன. அங்கு முகவரின் எண் இருந்தால், பயணிக்குச் செய்தி சேராமலே போகலாம். சேவை நீக்கம் தொடர்பான இந்திய விதிகளின்படி, முன்பதிவின்போது போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு நிறுவனம் பண இழப்பீடு வழங்க வேண்டியதில்லை. ஆகவே முகவரிடம் வாங்கிய சீட்டிலும் தம் சொந்த எண் பதிவாகியுள்ளதா என்பதை வானூர்தி நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்துக் கொள்வது இன்றியமையாதது.

பெயர்

தமிழர் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்து மட்டும் இருப்பது வழக்கம். முன்பதிவுப் படிவங்கள் முதற்பெயர், கடைசிப்பெயர் என இரண்டையும் கேட்பதால், கடவுச்சீட்டிலிருந்து வேறுபட்ட பெயர் பதிவாக நேர்கிறது. 2022 நவம்பர் 21 முதல், ஒரே சொல்லில் பெயர் கொண்ட கடவுச்சீட்டுடன் வருகை நுழைவிசைவில் வருவோரை ஐக்கிய அரபு அமீரகம் ஏற்காது என இந்திய வானூர்தி நிறுவனங்கள் அறிவித்தன. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருப்பின் ஏற்கப்படும் எனப் பின்னர்த் தெளிவுபடுத்தப்பட்டது. பெயர்ப்பிழையை நேரடிப் பதிவில் நிறுவனத்திடமே திருத்தக் கேட்கலாம். முகவர்வழிப் பதிவில் நிறுவனங்கள் பெரும்பாலும் பயணியை முகவரிடமே திருப்பி அனுப்புகின்றன.

இணைப்புப் பயணம்

முகவர் தளங்கள் இரு வேறு நிறுவனங்களின் தனித்தனிச் சீட்டுகளை ஒரே பயணமாகச் சேர்த்துக் காட்டுவதுண்டு. எடுத்துக்காட்டாக, திருச்சி–சென்னைக்கு ஒரு நிறுவனமும் சென்னை–வளைகுடாவுக்கு மற்றொரு நிறுவனமும் அமையலாம். முதல் வானூர்தி தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாம் நிறுவனத்திற்கு அதில் பொறுப்பில்லை. பயணப்பெட்டிகளையும் இடையில் பெற்று மீண்டும் ஒப்படைக்க வேண்டும். ஒரே பி.என்.ஆர். குறியீட்டின்கீழ் வழங்கப்படும் இணைப்புச் சீட்டில் பொதுவாக இச்சிக்கல் எழுவதில்லை.

பணம் திரும்பப் பெறுதல்

குடிசார் வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2016-இல் திருத்திய விதிகளின்படி, நீக்கக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையை மிஞ்சக்கூடாது. பயணம் செய்யாதவர்க்கு அரசு வரிகளையும் நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். முகவர்வழிச் சீட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு வானூர்தி நிறுவனத்துடையதே. முகவர் அதன் பிரதிநிதியாகக் கருதப்படுகிறார். கடனட்டைப் பதிவுகளுக்கு 7 நாட்களும், முகவர்வழிப் பதிவுகளுக்கு 30 வேலை நாட்களும் அவ்விதிகளில் காலவரம்பாகக் குறிக்கப்பட்டன. 2025 நவம்பரில் வெளியான வரைவுத் திருத்தம், முகவர்வழிப் பதிவுகளுக்கான வரம்பை 21 வேலை நாட்களாகக் குறைக்க முன்மொழிந்தது.

வெளிநாட்டு வானூர்தி நிறுவனங்கள் தத்தம் நாட்டு விதிகளின்படியே பணத்தைத் திருப்பித் தரலாம் என்பதும் 2016 விதிகளில் உள்ளது. திருச்சியின் தென்கிழக்காசியச் சேவைகளில் பல வெளிநாட்டு நிறுவனங்களால் நடத்தப்படுவதால், இது இப்பகுதிப் பயணிகள் அறிய வேண்டியதாகும்.

கோவிட்-19 காலம்

2020 மார்ச்சில் வானூர்திச் சேவைகள் நிறுத்தப்பட்டபோது இரு முறைகளின் வேறுபாடு பரவலாக உணரப்பட்டது. பயணிகளின் பணம் நிறுவனங்களிடமும் முகவர்களிடமும் தேங்கியது. பிரவாசி லீகல் செல் தொடுத்த வழக்கில் 2020 அக்டோபர் 1 அன்று தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், முகவர்வழிச் சீட்டுக்கான தொகையை நிறுவனம் முகவரிடம் தர வேண்டும் என்றும், முகவர் அதை உடனே பயணியிடம் சேர்க்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதன் பின்னரும் நிலுவை தொடர்ந்தது. 2024 சூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் யாத்ரா நிறுவனத்திற்குப் பிறப்பித்த ஆணையின்படி, 4,837 பதிவுகளுக்குரிய ஏறத்தாழ 2.5 கோடி உரூபாய் அப்போதும் திருப்பித் தரப்படாமல் இருந்தது.

முறையீடு

குறைகளை முதலில் நிறுவனத்திடமும் முகவரிடமும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பின்னர் வானூர்திப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலோ, 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ முறையிடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஆகவே முகவரின் தலைமையகம் எந்த நகரில் இருந்தாலும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தினர் தத்தம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுக முடியும். செலுத்திய தொகை 5 இலட்சம் உரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை எனச் சட்டத்தின்கீழ் 2020-இல் வெளியான விதிகள் வகுத்துள்ளன.

வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடும்போது போலி எண்கள் வருவதுண்டு. எண்ணை நிறுவனத்தின் தளத்திலிருந்தோ மின்பயணச்சீட்டிலிருந்தோ எடுப்பதே பாதுகாப்பானது.