செக்காட்டியோர் எழுப்பிய கல்விச்சாலை

கொங்கணக் கரையில் செக்காட்டி வாழ்ந்த பெனே இஸ்ரவேல் மக்களை அயலார் 'சனிவார் தேலி' என்றழைத்தனர். சனிக்கிழமை அவர்தம் ஓய்வுநாள். அன்று செக்கு ஓடாது. வழிபாட்டு வரிகள் சில நீங்கலாகத் தம் மறைமொழியாம் எபிரேயத்தையே மறந்திருந்த சமூகம் அது. பின்னர்ப் பாதிரிமார் பள்ளிகளில் அதனைப் பயின்றனர். பிறர் கொடுத்த கல்வி எத்துணைச் சிறந்ததாயினும் பிறருடையதே அன்றோ!

1875இல் ஹயீம் சாமுவேல் கெஹிம்கரும் தோழர்களும் பம்பாயில் இஸ்ரவேலர் பள்ளியைத் தொடங்கினர். மராத்தி, ஆங்கிலத்துடன் எபிரேயமும் பாடமாயிற்று. எல்லாப் பாடங்களையும் எபிரேயத்திலேயே கற்பித்த ஹெர்ஸ்லியா உயர்நிலைப்பள்ளி யாப்பா நகரில் தோன்றியதோ 1905இல்தான். பம்பாய்ப் பள்ளி பின்னாளில் சர் எல்லி கதூரி பெயர் பெற்றது. 1948க்குப்பின் அச்சமூகத்தார் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றனர். மசகானில் உள்ள அப்பள்ளியில் இன்று பயில்வோர் பெரும்பாலும் பிற சமயத்துப் பிள்ளைகளே.