மான்ட்கோமரி: யார் தலைக்குத் தபால்தலை?

தபால்தலையில் யார் தலை வரவேண்டும் என்பதை மக்கள் முடிவு செய்வதில்லை, அரசுதான் முடிவு செய்கிறது. அதனால் ஓர் ஊரோடு தொடர்புள்ள தபால்தலைகளை வெளிவந்த வரிசையில் அடுக்கினாலே போதும். அங்கே யார் ஆண்டார்கள், யார் காத்திருக்க வைக்கப்பட்டார்கள் என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் தலைநகர் மான்ட்கோமரி இதற்கு நல்ல சாட்சி.

அடிமைமுறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென்மாநிலங்கள் 1861 பிப்ரவரியில் இங்குதான் தனி அரசு அமைத்தன. ஜெபர்சன் டேவிஸ் அதிபரானார். அந்த அரசின் தபால்துறையும் இங்கேதான் பிறந்தது. மே மாதம் தலைநகர் ரிச்மண்டுக்கு மாறியது. அக்டோபரில் அவர்களுடைய முதல் தபால்தலை டேவிஸ் முகத்தோடு வந்தது. பதவியேற்ற எட்டே மாதத்தில், உயிரோடு இருக்கும்போதே! அதே மான்ட்கோமரியின் கோர்ட் சதுக்கத்தில் கருப்பின மக்கள் ஏலம் விடப்பட்டார்கள். அவர்களுக்கு ஏது தபால்தலை?

1955 டிசம்பர் 1 அன்று அந்தச் சதுக்கத்தில் பேருந்து ஏறிய ரோசா பார்க்ஸ், வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதானார். 381 நாட்கள் கருப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தார்கள். அங்கே போதகராக இருந்த மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கினார். 1956 டிசம்பர் 20 அன்று போராட்டம் வென்று முடிந்தது. பாபாசாகேப் மறைந்து அன்றோடு 14 நாள்.

1968இல் கிங் கொல்லப்பட்டார். 1970இல் அமெரிக்க அரசு யாருக்குத் தபால்தலை வெளியிட்டது தெரியுமா? ஸ்டோன் மவுண்டன் பாறைச் சிற்பத்துக்கு. அதில் குதிரைமேல் இருக்கும் மூவரில் ஒருவர் அதே டேவிஸ்! கிங்குக்கு 1979இல்தான் வந்தது. பார்க்ஸ் 2013 வரை காத்திருந்தார், அது அவருடைய நூற்றாண்டு.

இங்கும் கதை வேறல்ல. 1956இல் மறைந்த அம்பேத்கருக்கு 1966இல் தபால்தலை. 1914இல் மறைந்த அயோத்திதாசப் பண்டிதருக்கு 2005இல்.

அதே 2005இல் அமெரிக்கா பேருந்துப் புறக்கணிப்புக்கும் ஒரு தபால்தலை வெளியிட்டது. அதில் தலைவர் யாருமில்லை. சார்லஸ் ஆல்ஸ்டன் வரைந்த ஓவியம், நடந்துபோகும் மக்கள். எனக்கு இதுதான் நேர்மையான தபால்தலையாகப் படுகிறது. வெள்ளையர் வீடுகளில் சமைத்து, துவைத்துப் பிழைத்த பெண்கள் மைல்கணக்கில் நடந்ததால்தான் பேருந்துகள் காலியாக ஓடின. பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, 15 வயதில் இருக்கையைவிட்டு எழ மறுத்துக் கைதானவர் கிளாடெட் கால்வின். பேருந்தில் இனப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வாங்கிய வழக்கில் அவரும் ஒரு வாதி. இந்த வரிசையில் அவர் முகம் இல்லை.

நம் தலைவர்களுக்குத் தபால்தலை வந்தால் கொண்டாடுவோம், அது போராடிப் பெற்ற இடம். கூடவே, அவர்களோடு நடந்த கால்கள் யாருடையவை என்றும் எழுதி வைப்போம். அதை எந்த அரசும் நமக்காக அச்சிட்டுத் தராது.