பிழை காணப்பட்ட இடமும் பிறந்த இடமும்: யூனிக்ஸ் வழித் தளங்களில் பாக்கெட் பிழை ஆய்வு

லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வழி இயங்குதளங்களில் நெட்வொர்க் மந்தமானால், நிர்வாகிகள் பலரும் முதலில் பார்ப்பது நெட்ஸ்டாட் கட்டளை காட்டும் பிழை எண்ணிக்கையைத்தான். எண் ஏறியிருந்தால் கேபிளை மாற்றுகிறார்கள். சுழியமாக இருந்தால் நெட்வொர்க்கில் குறையில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். பிழை காணப்பட்ட இடமே அது பிறந்த இடம் என்ற அனுமானத்தின் மேல்தான் இவ்விரு முடிவுகளும் நிற்கின்றன. அந்த அனுமானம் தவறு. ஒரு கணக்கி தனக்கு முன்னால் வந்து நின்ற கேட்டை மட்டுமே எண்ணுகிறது; காரணம் தெரிய வேண்டுமானால் இரு முனைகளின் கணக்குகளையும் பல அடுக்குகளின் கணக்குகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தாக வேண்டும்.

டூப்ளெக்ஸ் முரண்பாடு இதற்குத் தெளிவான சான்று. 100 மெகாபிட் இணைப்பில் ஒரு முனையை ஃபுல் டூப்ளெக்ஸ் என்று கையால் நிலைநிறுத்தி, மறுமுனையைத் தானியங்கி இசைவுக்கு விட்டுவிட்டால், மறுமுனையால் சமிக்ஞையிலிருந்து வேகத்தை மட்டுமே அறிய முடியும். டூப்ளெக்ஸ் தெரியாததால் விதிப்படி அது ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஃபுல் முனை காத்திராமல் அனுப்புவதை ஹாஃப் முனை மோதலாக எடுத்துக்கொண்டு, தன் ஃபிரேமைப் பாதியில் நிறுத்துகிறது. அதனால் ஃபுல் முனையில் சிஆர்சி பிழைகளும் 64 பைட்டுக்குக் குறைந்த துண்டு ஃபிரேம்களும் ஏறுகின்றன. ஹாஃப் முனையில் தாமத மோதல்கள் ஏறுகின்றன. முதல் கணக்கை மட்டும் பார்ப்பவர் பழுதில்லாத கேபிளைப் பழிப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே உள்ளமைவுப் பிழை புலப்படும். போக்குவரத்து குறைவாக இருக்கையில் மோதலும் அரிது என்பதால், பிங் சோதனை இங்கே தேறிவிடுவதும் உண்டு.

கணக்கிகளின் பெயர்களையும் அப்படியே நம்புவதற்கில்லை. லினக்ஸில் கைவிடப்பட்டவை என்ற எண் கேபிளைப் பற்றியதே அன்று; 2.6.37 கெர்னல் முதல், கணினிக்குத் தெரியாத நெறிமுறையில் வந்த பாக்கெட்டுகளும் அதில் சேர்கின்றன. டிசிபிடம்ப், வெளிச்செல்லும் பாக்கெட்டுகளின் செக்சம் தவறு என்று காட்டும்போது, பெரும்பாலும் அந்தக் கணக்கீடு நெட்வொர்க் கார்டிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கும். கார்டு அதை நிரப்புவதற்கு முன்பே பாக்கெட் பதிவாகிவிடுகிறது. அங்கே பிழையே இல்லை.

கணக்கி தன் முன் வந்த கேட்டை மட்டுமே எண்ணுவதால் சுழியமும் ஏமாற்றுகிறது. ஈதர்நெட்டின் சிஆர்சி ஒரு இணைப்பை மட்டும் காக்கிறது; ஒவ்வொரு ரவுட்டரும் அதைப் புதிதாகக் கணக்கிடுகிறது. ரவுட்டரின் நினைவகத்தில் தரவு கெட்டால், கெட்ட தரவுக்கே சரியான சிஆர்சி கிடைத்துவிடும். ஸ்டோன், பார்ட்ரிட்ஜ் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், இணைப்பு அடுக்கின் சோதனையில் தேறிய பாக்கெட்டுகளிலும் 1,100-க்கு ஒன்று முதல் 32,000-க்கு ஒன்று வரை டிசிபி செக்சத்தில் தோற்றன. அந்தச் செக்சமும் 16 பிட் கூட்டலே என்பதால், 16 பிட் சொற்கள் இடம் மாறினால் அது அறியாது. சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகியோரின் 1984 கட்டுரை, எம்ஐடியில் ஒரு கேட்வே ஏறத்தாழ பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை பைட் ஜோடியை இடம் மாற்றியதைப் பதிவுசெய்கிறது. இணைப்புதோறும் சோதனை இருந்ததை நம்பியவர்களின் மூலநிரல்கள் அதனால் கெட்டுப்போயின.

டிசிபி மறுபடி அனுப்பிவிடுமே, சில பிழைகளால் என்ன என்று கேட்கலாம். இழப்பை நெரிசலாகக் கொள்ளும் மரபான டிசிபியின் வேகம், இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது என்று மேத்திஸும் சக ஆய்வாளர்களும் 1997-இல் காட்டினர். 1,460 பைட் துண்டும் 100 மில்லிநொடிச் சுற்றுநேரமும் இருக்கையில், பத்தாயிரத்துக்கு ஒரு இழப்பே வேகத்தை 15 மெகாபிட்டுக்குள் அடக்கிவிடும். இணைப்பு ஒரு கிகாபிட்டாக இருந்தாலும் இதே கதிதான். எஸ்எஸ்ஹெச், டிஎல்எஸ் போன்ற குறியாக்க நெறிமுறைகள் தரவைச் சோதிக்கின்றனவே என்ற மறுப்புக்கு வலு அதிகம். கெட்ட தரவை அவை ஏற்பதில்லை என்பது உண்மை. ஆனால் அவை இணைப்பைத் துண்டிக்கின்றன. கேடு எந்த ரவுட்டரில், எந்த நினைவகத்தில் நேர்ந்தது என்று சொல்வதில்லை. காப்பு கிடைத்துவிட்டது என்பதற்காகக் காரணத்தைத் தேடும் கடமை நீங்கிவிடாது.

ஆகவே ஒற்றை எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். சுமை ஏற்றுவதற்கு முன்னும் பின்னும், இரு முனைகளிலும், ஈத்டூல் போன்ற கருவிகள் காட்டும் கார்டு கணக்குகளையும் நெறிமுறை அடுக்கின் கணக்குகளையும் எடுத்து, அவற்றின் வேறுபாடுகளை ஒப்பிட வேண்டும். கேபிளை மாற்றும் முடிவு அந்த ஒப்பீட்டிலிருந்து வந்தால்தான் அது ஆய்வின் முடிவு; இல்லையேல் வெறும் ஊகம்.