வழக்கறிஞருக்கு உரிமையில்லாத நீதிமன்றம்: இந்தியக் குடும்பச் சட்டத்தில் சட்ட உதவியின் வரலாறு

இந்தியக் குடும்பச் சட்டத்தின் வரலாறு பெரும்பாலும் உரிமைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. எந்த ஆண்டில், எந்தச் சமயத்தவருக்கு, எந்தக் காரணங்களின் பேரில் மணவிலக்கு அனுமதிக்கப்பட்டது என்பதே அதன் சட்டகம். பாடநூல்களும் நம் ஆய்வேடுகளும் இவ்வரிசையிலேயே நகர்கின்றன. இப்பதிவில் வேறொரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன். அவ்வுரிமையைக் கோரி நீதிமன்றப் படியேறியவரின் சார்பில் பேச யார் இருந்தார்கள்?

இக்கேள்விக்கு ஓர் உடனடித் தேவையும் உண்டு. குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், 1984-இன் 13-ஆம் பிரிவு, தரப்பினர் எவரும் வழக்கறிஞர் மூலம் வாதிடுவதை உரிமையாகக் கோர முடியாது என்கிறது. மூன்றே ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறிய சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவோ, பெண்கள் அனைவரும் இலவசச் சட்டப் பணிகளுக்குத் தகுதியுடையோர் என்கிறது. அதற்கு வருமான வரம்பு இல்லை. ஒரே நாடாளுமன்றம் ஒரு கையால் வழக்கறிஞரை வழங்கி, மறு கையால் அவரை வாசலில் நிறுத்தியிருக்கிறது. இம்முரண் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1884-இல் தாதாஜி பிகாஜி என்பவர், தம் மனைவி ருக்மாபாய் தம்முடன் வந்து வாழவேண்டுமெனப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பதினொரு வயதளவில் மணம் செய்விக்கப்பட்ட ருக்மாபாய், கணவர் வீட்டில் ஒருபோதும் வாழ்ந்ததில்லை. 1885-இல் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் தலைமை நீதிபதி சார்ஜன்ட்டும் நீதிபதி பேலியும் அத்தீர்ப்பை மாற்றினர். 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன், கணவரிடம் செல்ல வேண்டும், இல்லையேல் ஆறு மாதச் சிறை என்று உத்தரவிட்டார். இறுதியில் 1888-இல் 2,000 ரூபாய்க்கு வழக்குச் சமரசமாயிற்று. ருக்மாபாய் இலண்டன் சென்று மருத்துவம் பயின்று திரும்பினார்.

இவ்வழக்கு சம்மத வயது விவாதத்தின் முன்னுரையாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. சட்ட உதவியின் கோணத்தில் பார்த்தால் வேறொன்று புலப்படும். ருக்மாபாயின் வளர்ப்புத் தந்தை சகாராம் அர்ஜுன் ஒரு மருத்துவர். ருக்மாபாய்க்காக வாதிட்டோரில் இன்வெராரிட்டியும் காசிநாத் திரியம்பக் தெலாங்கும் அடங்குவர். இருவரும் அக்காலப் பம்பாயின் முன்னணிச் சட்ட அறிஞர்கள். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் புனைபெயரில் எழுதித் தம் தரப்பைப் பொதுவெளியில் வைக்கும் கல்வியும் ருக்மாபாய்க்கு இருந்தது. இத்தனையும் வாய்த்த ஒருவருக்கே முதல் நீதிமன்றத்தில் கிட்டிய வெற்றி நிலைக்கவில்லை. விடுதலையைப் பணம் கொடுத்தே பெறவேண்டியிருந்தது. இவை எதுவுமற்ற பெண்கள் எத்தனை பேர், எதிர்த்து வாதிடாமலேயே இத்தகைய தீர்ப்பாணைகளுக்கு உட்பட்டிருப்பர் என்பதைத் தீர்ப்புத் தொகுப்புகள் சொல்வதில்லை. மேல்முறையீடு வரை சென்ற வழக்குகளே அச்சேறின. மேல்முறையீடு என்பதோ செலவு தாங்குவோரின் வழி.

பொருளாதாரத் தடையோடு இன்னொரு தடையும் இருந்தது. உறவினரல்லாத ஆண்களின் முன் தோன்றாத பர்தாப் பெண்கள், தம் சொத்து பற்றியும் மணவாழ்வு பற்றியும் ஓர் ஆண் வழக்கறிஞரிடம் நேரில் பேச இயலாது. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் பயின்ற கார்னீலியா சொராப்ஜி, 1904-இல் வங்காளத்தின் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' நிர்வாகத்தில் பெண் உதவியாளராக நியமிக்கப்பட்டது இவ்விடைவெளியை நிரப்பவே. ஆலோசனை கூறலாம், அறிக்கை எழுதலாம். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதிட மட்டும் பெண்ணுக்கு அனுமதியில்லை. ரெஜினா குஹாவின் விண்ணப்பத்தைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 1916-இலும், சுதான்ஷு பாலா ஹஸ்ராவின் விண்ணப்பத்தைப் பட்னா உயர் நீதிமன்றம் 1921-இலும் நிராகரித்தன. 1923-ஆம் ஆண்டின் சட்டத்தொழில் புரிவோர் (பெண்கள்) சட்டமே அத்தடையை நீக்கிற்று. சேர்ந்து வாழும் உரிமைக்கான தீர்ப்பாணையை மீறியதற்காகச் சிறையிடும் வழக்கம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டதும் அதே 1923-இல்தான். இரண்டு திருத்தங்களும் தனித்தனி வழியே வந்தவை. ஆயினும் இவற்றைச் சேர்த்தே நாம் வாசிக்க வேண்டும்.

உரிமை ஏட்டில் இருந்தும் நடைமுறை அதை எவ்வாறு விழுங்கும் என்பதற்கு 1869-ஆம் ஆண்டின் இந்திய மணவிலக்குச் சட்டம் நல்ல சான்று. கிறித்தவக் கணவர், மனைவியின் பிறர்மனைத் தொடர்பை மட்டும் மெய்ப்பித்தால் போதும். மனைவியோ அதனுடன் கொடுமை, கைவிடல் போன்ற பிறிதொரு குற்றத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். அவ்வாறு மாவட்ட நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்ற பிறகும், உயர் நீதிமன்றம் உறுதிசெய்யும் வரை மணவிலக்கு நிறைவுபெறாது. சிற்றூர்ப் பெண்ணொருவருக்கு இது இரண்டாம் வழக்கு, இரண்டாம் வழக்கறிஞர், இரண்டாம் செலவு. இந்நடைமுறையும் பாகுபாடான காரணங்களும் 2001-ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் அகன்றன. 132 ஆண்டுகள் அது நீடித்தது.

விடுதலைக்குப் பின் 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டமும் 1955-இன் இந்து திருமணச் சட்டமும் வந்தன. இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. போதிய வருமானமற்ற தரப்பினர், கணவராயினும் மனைவியாயினும், வழக்கு நிலுவையில் உள்ள காலத்தில் வாழ்க்கைச் செலவை மட்டுமன்றி வழக்குச் செலவையும் எதிர்த்தரப்பிடமிருந்து கோரலாம். கருத்தளவில் இது சிறந்த ஏற்பாடு. ஆனால் வழக்கறிஞருக்கான பணத்தைப் பெறும் அம்மனுவை எழுதவே முதலில் ஒரு வழக்கறிஞர் வேண்டும். அம்மனுவும் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்ததால், அறிவிப்பு சார்வு செய்யப்பட்ட நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களில் முடிக்க வேண்டுமென்று 2001-இல் சேர்க்க நேர்ந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின் கீழ்க் கிடைத்த ஜீவனாம்சத்துக்கோ மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு இருந்தது. 1955-இல் வைக்கப்பட்ட அவ்வரம்பும் 2001-இல்தான் நீங்கியது. வழக்கறிஞர் கட்டணத்துக்கு முன் அத்தொகை எம்மாத்திரம்?

அரசின் பொறுப்பாகச் சட்ட உதவி என்னும் எண்ணம் 1970-களில் வலுப்பெற்றது. நீதிபதிகள் வி. ஆர். கிருஷ்ண ஐயரும் பி. என். பகவதியும் தலைமையேற்ற குழுக்கள் அதற்கு உருக்கொடுத்தன. 1976-இன் 42-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 39-அ உறுப்பைச் சேர்த்தது. அதே ஆண்டில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் அதிகம் பேசப்படாத மாற்றங்கள் நிகழ்ந்தன. 'பாப்பர்' என்ற சொல் நீக்கப்பட்டு 'வறியவர்' என்ற பொருளுடைய சொல் வந்தது. வழக்கறிஞரற்ற வறியவருக்கு நீதிமன்றமே ஒருவரை அமர்த்தலாம் என்ற புதிய விதி வந்தது. குடும்ப வழக்குகளுக்கெனத் தனி நடைமுறையாக 32-அ ஆணையும் வந்தது. ஆக, 1976-இல் குடும்ப வழக்கு தனித்தன்மையுடையது என்பதும், வறியவருக்கு வழக்கறிஞர் தேவை என்பதும் ஒரே திருத்தத்தில் அருகருகே இருந்தன. எட்டு ஆண்டுகளில் அவை பிரிந்தன.

1974-இன் சட்ட ஆணைய 59-ஆம் அறிக்கை, குடும்பத் தகராறுகளை வழக்கமான உரிமையியல் வழக்குகளைப் போல் அணுகலாகாது என்றது. பெண்கள் அமைப்புகளும் தனி நீதிமன்றங்களைக் கோரின. எதிரெதிர் நின்று வாதிடும் முறை குடும்பப் பூசலைக் கூர்மையாக்குகிறது, வழக்கறிஞர்கள் வாய்தா மேல் வாய்தா வாங்குகின்றனர், எளிய மனிதருக்கு நீதிமன்ற மொழி புரிவதில்லை என்பன அன்றைய குறைகள். அவற்றில் பொய்யில்லை. எனவே 1984-இன் சட்டம் ஆலோசகர்களை அமர்த்தியது, சான்று விதிகளைத் தளர்த்தியது, சமரச முயற்சியை நீதிபதியின் கடமையாக்கியது, வழக்கறிஞரின் இடத்தைச் சுருக்கியது. நீதி கருதித் தேவைப்பட்டால் சட்ட வல்லுநர் ஒருவரை நீதிமன்ற நண்பராக அழைக்கலாம் என்ற விலக்கை மட்டும் வைத்தது.

இவ்வடிவமைப்பில் இரண்டு முன்முடிவுகள் உள்ளன. முதலாவது, வழக்கறிஞர் விலகினால் இரு தரப்பும் சமமாகிவிடும் என்பது. படித்த, பணியிலுள்ள, சொத்து ஆவணங்களைத் தன் கையில் வைத்திருக்கும் ஒருவரும், அவ்வீட்டின் கணக்கு வழக்கை ஒருநாளும் பார்த்திராத ஒருவரும் வழக்கறிஞரின்றி எதிரெதிர் நிற்கும்போது, சமமின்மை வெளித்தெரியாமல் போகுமேயன்றி மறையாது. இரண்டாவது, சமரசம் இரு தரப்புக்கும் ஒரே விலையுடையது என்பது. நீதிபதிகளைத் தேர்வதில் பெண்களுக்கு முன்னுரிமை தரச் சொல்லும் அதே 4-ஆம் பிரிவு, திருமணம் என்னும் நிறுவனத்தைக் காத்துப் பேணுவதில் ஈடுபாடுடையோரையும் தேடச் சொல்கிறது. அடிக்குத் தப்பி வந்த பெண்ணிடம், தன் உரிமை இன்னதென்று அறிவிப்போர் எவரும் அருகிலில்லாதபோது, இணங்கிப் போ என்ற அறிவுரை ஆணையைப் போல ஒலிக்கும்.

நடைமுறை இச்சட்டத்தை ஓரளவு திருத்திக்கொண்டது. அனுமதி மனுத் தாக்கல் செய்து வழக்கறிஞர் முன்னிலையாவது பல குடும்ப நீதிமன்றங்களில் வழக்கமாகிவிட்டது. 2005-இன் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நேரெதிர்த் திசையில் சென்று, இலவசச் சட்ட உதவிக்கான உரிமையை அப்பெண்ணுக்குத் தெரிவிப்பதைக் காவல் அலுவலர், பாதுகாப்பு அலுவலர் ஆகியோரின் கடமையாக்கியது. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் கடன்களையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளிப்படுத்த வேண்டுமென்றது. வருமானத்தை மறைப்போருக்கு எதிரான நல்ல கருவி அது. அதை நிரப்பவும், எதிர்த்தரப்பு நிரப்பியதில் உள்ள பொய்யைக் கண்டுபிடிக்கவும் பயிற்சி வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை என்று தொடங்கிய நீதிமன்றம், வழக்கறிஞரின்றி இயங்க முடியாத நடைமுறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சட்ட வாசகம் மட்டும் 1984-இலேயே நிற்கிறது.

இதன் விளைவு ஏட்டளவிலான முரண் மட்டுமன்று. உரிமையாக இல்லாத ஒன்று அனுமதியாகக் கிடைக்கும்போது, அதைக் கேட்கத் தெரிந்தவருக்கே அது கிடைக்கிறது. கட்டணம் செலுத்தி வழக்கறிஞரை அமர்த்தியவருக்கு அனுமதி மனு ஒரு சடங்கு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அந்நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது என்பதை அறியாத பெண்ணுக்கோ 13-ஆம் பிரிவு எழுத்துக்கு எழுத்து நடைமுறையில் இருக்கிறது. ருக்மாபாயின் காலத்து நிலையிலிருந்து இவ்விடத்தில் நாம் வெகுதூரம் வந்துவிடவில்லை.

13-ஆம் பிரிவை அடியோடு நீக்குவதே தீர்வு என்று நான் வாதிடவில்லை. வழக்கறிஞர் ஆதிக்கம் பற்றிய 1970-களின் குறைகள் இன்றும் உயிருடன் உள்ளன. முதல் விசாரணை நாளிலேயே, ஆலோசகரிடம் அனுப்புவதற்கு முன், இலவசச் சட்ட உதவி பற்றி இரு தரப்புக்கும் அவரவர் மொழியில் நீதிமன்றம் அறிவிப்பதைக் கட்டாயமாக்கினால், 1984-இன் நோக்கமும் 1987-இன் நோக்கமும் ஒன்றையொன்று வெட்டாமல் நிற்கும். 2005-இன் சட்டம் இதற்கு முன்மாதிரியை ஏற்கெனவே தந்துள்ளது.

இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல்முறையீட்டுத் தீர்ப்புகளோடு நின்றுவிடாதீர்கள். கீழமை நீதிமன்றப் பதிவேடுகளில் 13-ஆம் பிரிவின் கீழ் வந்த அனுமதி மனுக்களையும், ஒருதலைத் தீர்ப்பாணைகளையும், வாய்தாக் குறிப்புகளையும் தேடுங்கள். வழக்கறிஞர் இல்லாமல் நின்றவர்களின் வரலாறு அங்கேதான் இருக்கிறது.