பிரைமரி போட்டியில் தாமத நுழைவு

அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக நடக்கும் பிரைமரி, காக்கஸ் போட்டிகளில், மற்றவர்கள் களமிறங்கிப் பல மாதங்கள் ஆன பிறகு ஒருவர் தம் போட்டியை அறிவிப்பது தாமத நுழைவு எனப்படுகிறது. எது தாமதம் என்பதற்கு வரையறை கிடையாது. 1968இல் ராபர்ட் கென்னடி அறிவித்தது மார்ச் 16 அன்று. நியூ ஹாம்ப்ஷயரில் முதல் பிரைமரி முடிந்தே நான்கு நாளாகியிருந்தது. 2011இல் ரிக் பெர்ரி ஆகஸ்ட் 13ஆம் தேதியே அறிவித்துவிட்டார். வாக்குப்பதிவு தொடங்க நான்கு மாதங்களுக்கு மேல் இருந்தும், அவரையும் பிந்தி வந்தவர் என்றே எழுதினார்கள்.

முன்னணியில் இருப்பவரைச் சாய்ப்பதற்காகத்தான் பெரும்பாலோர் இப்படி வருகிறார்கள். ஆனால் அடி பலமாக விழுவது அநேகமாக வேறொருவர் மீது: வந்தவரைப் போலவே பேசி, அதே வாக்காளரையும் அதே நன்கொடையாளரையும் நம்பியிருக்கும் போட்டியாளர் மீது.

2011 குடியரசுக் கட்சிப் போட்டி இதற்குத் தெளிவான சான்று. அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் அந்த ஆகஸ்ட் 13 அன்று நடந்த மாதிரி வாக்கெடுப்பில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மிஷெல் பாக்மன் முதலிடம் பிடித்தார். மறுநாள் பத்திரிகைகளின் தலைப்புச் செய்தி அவருக்கே உரியதாக இருந்திருக்க வேண்டும். அதே நாளில் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் டெக்சாஸ் ஆளுநர் பெர்ரி தம் போட்டியை அறிவித்து அதைப் பங்கு போட்டுக்கொண்டார். அடுத்த நாள் மாலை, பாக்மன் பிறந்த ஊரான வாட்டர்லூவில் நடந்த கட்சி விருந்திலும் இருவரும் பேசினர். தேவாலயம் சார்ந்த பழமைவாதிகளும் அரசுச் செலவைக் குறைக்கக் கோரிய ‘டீ பார்ட்டி’ இயக்க ஆதரவாளர்களும் பாக்மனை விட்டுப் பெர்ரி பக்கம் நகர்ந்தார்கள். சில வாரங்களில் பெர்ரி கருத்துக்கணிப்புகளில் முன்னணியில் இருந்த மிட் ராம்னியையே முந்தினார். பிறகு விவாத மேடைகளில் தடுமாறினார். மூடப்போவதாகச் சொன்ன மூன்று அமைச்சகங்களில் மூன்றாவதன் பெயர் நவம்பர் 9 விவாதத்தில் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பெர்ரி சரிந்தபோதும் போன வாக்கு பாக்மனிடம் திரும்பவில்லை. அயோவா காக்கஸில் பெர்ரி ஐந்தாமிடம், பாக்மன் ஆறாமிடம். வீழ்த்தப்பட வேண்டியவராக இருந்த ராம்னியே கட்சியின் வேட்பாளரானார்.

2008இல் நடிகரும் முன்னாள் செனட்டருமான ஃபிரெட் தாம்ப்சன் விஷயமும் ஏறக்குறைய இதேதான். 2007 செப்டம்பரில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் போட்டியை அறிவித்த அவர், தென் கரோலினாவில் சுமார் 16 விழுக்காடு வாங்கினார். அங்கே ஜான் மெக்கெய்ன் 33, மைக் ஹக்கபி 30. தென் மாநிலப் பழமைவாத வாக்கு பிரியாதிருந்தால் ஹக்கபி வென்றிருப்பார் என்ற வாதம் இன்றும் உண்டு. நிரூபிக்க முடியாத வாதம்தான், ஆனால் கணக்கு அதற்கு இடம் தருகிறது.

1968இல் நிலைமை வேறு. வியட்நாம் போரை எதிர்த்து, பதவியிலிருந்த லிண்டன் ஜான்சனுக்கு எதிராகத் துணிந்து நின்றவர் ஜனநாயகக் கட்சி செனட்டர் யூஜீன் மெக்கார்த்தி. நியூ ஹாம்ப்ஷயரில் சுமார் 42 விழுக்காடு வாங்கி ஜான்சனை அதிர வைத்தார். வழி திறந்த பிறகு கென்னடி வந்தார். அவரைச் சந்தர்ப்பவாதி என்று மெக்கார்த்தியின் மாணவத் தொண்டர்கள் கொதித்தார்கள். மார்ச் 31 அன்று ஜான்சன் விலகியதும், போர் எதிர்ப்பு வாக்கு இரண்டாகப் பிளந்தே தொடர்ந்தது: இண்டியானாவும் கலிபோர்னியாவும் கென்னடிக்கு, ஓரிகான் மெக்கார்த்திக்கு. அவர்களுக்கும் பிந்தி, ஏப்ரல் 27 அன்று அறிவித்த துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் நிற்காமல், மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளில் கட்சித் தலைவர்களின் கையிலிருந்தவர்களைத் திரட்டினார். ஜூனில் கென்னடி கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ மாநாடு ஹம்ஃப்ரியைத் தேர்ந்தெடுத்தது. அதனால் எழுந்த கொந்தளிப்பில் ஜனநாயகக் கட்சி தன் விதிகளைத் திருத்தியது. பிரைமரி நடத்தும் மாநிலங்கள் பெருகின. ஹம்ஃப்ரியின் வழி அத்தோடு அடைபட்டது. 1976இல் மார்ச் மாதம் வந்த ஃபிராங்க் சர்ச்சும் ஜெர்ரி பிரவுனும் ஆளுக்குச் சில மாநிலங்களை வென்றும் ஜிம்மி கார்ட்டரைத் தடுக்க முடியவில்லை. அதற்குள் அவரிடம் பிரதிநிதிகள் சேர்ந்துவிட்டிருந்தார்கள்.

இன்று தாமதத்தின் முதல் விலை வாக்குச்சீட்டில் இடம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனிக் கெடு, தனிக் கட்டணம், தனிக் கையெழுத்துக் கணக்கு. 2012 பிரைமரிக்கு விர்ஜினியா கேட்ட 10,000 செல்லத்தக்க கையெழுத்துகளைப் பெர்ரியால் காட்ட முடியவில்லை. நீதிமன்றம் போயும் பயனில்லை. 2020 ஜனநாயகக் கட்சிப் போட்டிக்கு, செல்வந்தரும் நியூயார்க் நகர முன்னாள் மேயருமான மைக்கேல் புளூம்பெர்க் 2019 நவம்பரில் முறைப்படி அறிவிக்கும் முன்பே அலபாமாவில் மனு கொடுத்ததும் கெடு முடிய இருந்ததால்தான்.

பணம் இந்தக் குறைகளை எவ்வளவு தூரம் ஈடுகட்டும் என்பதற்குப் புளூம்பெர்கே அளவுகோல். சொந்தப் பணத்தில் 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். முதல் நான்கு மாநிலங்களை விட்டுவிட்டு மார்ச் 3ஆம் தேதியின் ‘சூப்பர் செவ்வாய்’க்குக் குறிவைத்தார். அவர் நன்கொடை வாங்கவில்லை. விவாத மேடை ஏறவோ குறிப்பிட்ட எண்ணிக்கையில் நன்கொடையாளர்கள் வேண்டும் என்றிருந்தது. 2020 ஜனவரி இறுதியில் கட்சி அந்த நிபந்தனையை நீக்கியது. மற்றவர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு. கோரி புக்கர், ஹூலியன் காஸ்ட்ரோ போன்றவர்கள் பழைய விதியோடு மல்லுக்கட்டி அம்மாதமே விலகியிருந்தார்கள். ஆனால் மேடையே அவருக்கு வினையானது. பிப்ரவரி 19 அன்று லாஸ் வேகஸில், பெண் ஊழியர்களோடு செய்த வாய்மூடல் ஒப்பந்தங்களைப் பற்றி எலிசபெத் வாரன் கேட்ட கேள்விகளுக்கு அவரிடம் உருப்படியான பதில் இல்லை.

புளூம்பெர்க் மிதவாத வாக்கைப் பிரித்து ஜோ பைடனைக் கெடுப்பார் என்ற அச்சம் மட்டும் பலிக்கவில்லை. பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் பைடன் வென்றார். அடுத்த இரண்டு நாளில் பீட் பட்டிஜெஜ், ஏமி குளோபசார் விலகி அவரை ஆதரித்தார்கள். சூப்பர் செவ்வாயன்று 14 மாநிலங்களில் 10 பைடனுக்கு, மீதி பெர்னி சாண்டர்ஸுக்கு. புளூம்பெர்குக்குக் கிடைத்த ஒரே வெற்றி அமெரிக்கச் சமோவா தீவு. சில மாநிலங்களில் பிரதிநிதிகளைப் பெறத் தேவையான 15 விழுக்காட்டைத் தாண்டினாலும், மறுநாளே விலகிப் பைடனை ஆதரித்தார்.

வராமலே இருப்பவரும் போட்டியாளர்களைக் கட்டிப்போட முடியும். 1991இல் நியூயார்க் ஆளுநர் மரியோ கோமோ வருவாரா மாட்டாரா என்று ஜனநாயகக் கட்சியின் நன்கொடையாளர்கள் பலர் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மனுவுக்குக் கடைசி நாளான டிசம்பர் 20 அன்று அவரை அழைத்துச் செல்ல ஆல்பனி விமான நிலையத்தில் விமானம் தயாராக நின்றது. மாநில நிதிநிலை நெருக்கடியைக் காரணம் சொல்லி அவர் ஏறவில்லை. அதில் அதிகம் லாபம் பார்த்தவர் பில் கிளிண்டன்.