கேஸ் அடித்தும் கூலிங் இல்லையா? பழைய கார் ஏசிக்கு ஒரு கைடு

போன வருஷம் கேஸ் அடிச்சாச்சு, இந்த வருஷமும் அனல் காற்றுதானா? ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது; மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றும். ஒரே சீஸனில் குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

எங்கே கசியும்?
பைப் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங், கம்ப்ரஸர் சீல், கண்டென்சர், டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கணும்?
'முதல்ல நைட்ரஜன் அடிச்சு லீக் பாருங்க'. கசிவை அடைத்து, வேக்கம் போட்ட பிறகே கேஸ். அதுவும் அந்தக் காருக்குக் குறிப்பிட்ட எடை அளவில். பல கார்களில் பானெட்டுக்குள் ஸ்டிக்கரிலேயே இருக்கும். கேஸோடு ஆயிலும் வெளியேறும். அப்படியே ஓட்டினால் கம்ப்ரஸரே ஜாம் ஆகலாம். பெரிய செலவு அதுதான்.

திருப்பூர்க்காரர்கள் கவனிக்க...
நூற்பாலை, விசைத்தறி, நிட்டிங் யூனிட் பக்கத்தில் நிறுத்தும் கார்களில் பஞ்சுத் தூசி கண்டென்சரில் படியலாம். ஓடும்போது கூலிங், அவிநாசி ரோடு சிக்னலில் நின்றால் சூடு என்றால், கண்டென்சர் அடைப்பையும் அதன் ஃபேனையும் பாருங்கள். மெதுவான தண்ணீரில் கழுவினால் போதும். பிரஷர் வாஷ் பட்டால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரை மாற்றுங்கள்.

பழைய கார்களில் பெரும்பாலும் இருக்கும் ஆர்134ஏ கேஸ், கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். கசிவை அடைத்தால் பர்ஸுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது!