தவிடும் கோழியும்

நெல்லைக் குத்திப் புடைத்து, அரிசியை உலைக்கும் தவிட்டைக் கோழிக்கும் இடுதல் தமிழர் மனைகளில் நெடுங்கால வழக்கு. இப்பங்கீட்டில் நுட்பமான பொருளொன்று அடங்கியிருந்ததை உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உணரத் தலைப்பட்டது. பல்லாயிரம் கோழிகளை ஒரே கூரையின்கீழ் வளர்க்கும் இக்காலப் பெருந்தொழிலின் வரலாற்றைக் கூறுவோர், அடைகாக்கும் பொறியையும் இனக்கலப்பையும் முதற்கண் எடுத்துரைப்பர். அவை வேண்டியனவே. ஆயினும் அத்தொழிலுக்கு ஆணிவேராய் அமைந்தது வேறொன்று: உணவில் உள்ள பொருள் மாத்திரமன்றி, உணவில் இல்லாத பொருளும் நோய் விளைக்கும் என்ற அறிவே அது. அவ்வறிவுக்கு வித்திட்டவை யாவாத் தீவில் நோயுற்ற சில கோழிகளாம்.

அக்காலத்தில் யாவா, சுமாத்திரா முதலிய தீவுகள் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தன. அவர்தம் படைவீரரையும் சிறைக் கைதிகளையும் பெரிபெரி என்னும் நோய் பெரிதும் வருத்திற்று. கால் மரத்து, நடை தளர்ந்து, சிலர்க்கு உடல் வீங்கி, ஈற்றில் இதயம் சோர்ந்து உயிர் நீங்குதல் அந்நோயின் போக்கு. 1886-இல் ஒல்லாந்து அரசு பெக்கல்ஹாரிங், விங்க்ளர் என்னும் இருவரை ஆராயுமாறு அனுப்பியது. அவர்களுடன் உதவியாளராகச் சென்றவர் கிறிஸ்தியான் ஐக்மன் என்னும் இளம் படைமருத்துவர். அவர் பேர்லினில் றொபேட் கொக்கின் ஆய்வுகூடத்தில் கிருமியியல் பயின்றவர். நோய் உளதேல் கிருமியும் உளது என்பதே அன்றைய மருத்துவரின் துணிபு. பெரியோர் இருவரும் தாய்நாடு திரும்பியபின், பற்றேவியா நகரின் படை மருத்துவமனையை அடுத்த ஆய்வுகூடத்துக்கு ஐக்மன் 1888-இல் தலைவரானார்.

நோயாளரிடமிருந்து எடுத்தவற்றைக் கோழிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார் ஐக்மன். 1889 யூலையில் கோழிகள் கால் தளர்ந்து, நிற்கமாட்டாமல் சாய்ந்தன. கிருமி அகப்பட்டதென்று மகிழ இடமில்லை. ஊசி ஏற்றப்படாத கோழிகளும் அவ்வாறே வீழ்ந்தன. சில மாதங்கள் கழிய, நவம்பரில், நோய் தானாகவே அகன்றது. இடையில் நிகழ்ந்தது யாதெனின், ஆய்வுகூடப் பணியாளர் ஒருவர் செலவைச் சுருக்கும்பொருட்டு மருத்துவமனை அடுக்களையில் எஞ்சிய தீட்டரிசிச் சோற்றைக் கோழிகளுக்கு இட்டுவந்தார். பின்னர் புதிதாய் வந்த சமையற்காரர், படையினரின் சோற்றைப் படையைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க இசையவில்லை. கோழிகள் மீண்டும் தவிடு நீங்கா அரிசியை உண்டன, எழுந்து நடந்தன. ஒரு சமையற்காரரின் கண்டிப்பு மருத்துவ வரலாற்றைத் திருப்பியதென்றால் அது மிகையன்று.

கோழிக்கு உண்மையாயிற்று மாந்தர்க்கும் உண்மையாகுமோ என்ற வினாவுக்கு, யாவாவின் சுகாதாரக் கண்காணிப்பாளராகிய ஃபோர்டர்மன் 101 சிறைச்சாலைகளை ஆராய்ந்து விடை கண்டார். தவிடு நீங்கா அரிசி வழங்கிய 37 சிறைகளுள் ஒன்றில் மட்டுமே பெரிபெரி காணப்பட்டது. தீட்டரிசி வழங்கிய 51 சிறைகளுள் 36-இல் அது காணப்பட்டது. எனினும் ஐக்மன் தம் கண்டுபிடிப்பின் பொருளைத் தாமே முற்றும் உணர்ந்திலர். மாச்சத்தில் ஒரு நஞ்சு உண்டாகின்றது, தவிடு அதனை முறிக்கின்றது என்றே கருதினார். அவரைத் தொடர்ந்து ஆராய்ந்த கிரைன்ஸ் என்பவரே 1901-இல் நேரிய விளக்கம் தந்தார்: முறிக்க வேண்டிய நஞ்சு யாதுமில்லை, நரம்புக்கு இன்றியமையாத பொருளொன்று தீட்டரிசியில் இல்லை. 1929-இல் நோபல் பரிசு ஐக்மனுக்கும் இங்கிலாந்து அறிஞர் ஹொப்கின்சுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. கிரைன்சுக்குப் பங்கில்லை. இது நீதியன்று என்றே சொல்லவேண்டும்.

இவ்வாராய்ச்சிக்குத் தமிழருடைய சோறும் ஒரு சான்றாயிற்று. மலாய் நாட்டில் பணிபுரிந்த ஆங்கில மருத்துவர் பிறடன், சீயத்து வெள்ளரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி மலிந்திருப்பதையும், புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அது அரிதாயிருப்பதையும் கண்டு எழுதினார். பழுதுற்ற அரிசியின் நஞ்சே காரணமென்று அவர் கருதியது தவறு, கண்டது தவறன்று. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள சத்து அரிசியின் உள்ளே ஊறிவிடுகின்றது. பிறேசர், ஸ்ரான்ரன் என்போர் அங்கேயே தொழிலாளரிடத்தும், பின் கோழிகளிடத்தும் சோதித்து இதனை நிலைநாட்டினர். அச்சத்து 1926-இல் பற்றேவியாவிலேயே பளிங்குருவாய்ப் பிரித்தெடுக்கப்பட்டது. தயமின் எனப்படும் விற்றமின் பீ1 அதுவே.

மனிதன் பெற்றது இந்த விடுதலை. கோழி பெற்றது வேறு. குளிர்நாடுகளில் மாரிக்காலத்தில் குஞ்சுகளை உள்ளே அடைத்து வளர்த்தல் முன்னர் இயலாதிருந்தது; வெயில் படாத குஞ்சுகளின் எலும்பு மெலிந்து கால் வளைந்தது. 1920-ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார், கொட் மீனின் ஈரலெண்ணெய் வெயிலுக்கு ஈடாகுமெனக் காட்டினர். விற்றமின் டீ வகைகளுள் பூஞ்சண வழிப் பெறப்படும் டீ2 கோழிக்குப் பெரிதும் பயன்படாது, விலங்கு வழிப் பெறப்படும் டீ3-ஏ வேண்டும் என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. டெலவெயர் மாநிலத்தில் செசில் ஸ்டீல் என்னும் பெண்மணி 1923-இல் 50 குஞ்சுகளுக்குச் சொல்லியனுப்ப, தவறுதலாக 500 வந்துசேர்ந்தன. அவற்றை அவர் இறைச்சிக்காகவே வளர்த்து விற்றார். இறைச்சிக் கோழித் தொழிலின் தொடக்கமாக இதனைக் கூறுவர். தவறுதல் ஒரு வாய்ப்பைத் தந்தது. அது நாடெங்கும் பரந்து மாரியிலும் கோடையிலும் நடைபெறும் தொழிலாய் வளர்வதற்குப் புதிய தீனறிவு துணைநின்றது.

அதன்பின் குஞ்சு ஆய்வுகூடத்தின் அளவுகோலாகவே மாறிற்று. தென்மார்க்கு அறிஞர் டாம், கொழுப்பற்ற தீனுண்ட குஞ்சுகளின் குருதி உறையாமையைக் கண்டு விற்றமின் கேயை அறிந்தார். 1948-இல் பீ12 பிரித்தெடுக்கப்பட்டபின், விலையுயர்ந்த மீன்தூளைச் சுருக்கிச் சோளத்தையும் சோயாவையும் கொண்டே தீன் கலத்தல் எளிதாயிற்று. அச்சத்தைத் தேடியபோதே ஜூக்ஸ், ஸ்ரொக்ஸ்ராட் என்போர், நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தயாரித்து எஞ்சிய மண்டியைத் தின்ற குஞ்சுகள் விரைந்து வளர்வதைக் கண்டனர். குறைந்ததை நிரப்புதல் என்ற அறிவு இங்கே எல்லை கடந்தது. இம்மருந்து எவ்வுயிரின் உணவிலும் குறைந்திருந்த பொருளன்று. நாளும் சிறிதளவாய் அதனை ஊட்டுதல் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக வழி திறக்குமென்று பிரித்தானியாவில் சுவான் குழு 1969-இல் எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக அவற்றைத் தீனிற் சேர்த்தலை 2006-இல் முற்றாக விலக்க, இடையில் முப்பத்தேழு ஆண்டுகள் கழிந்தன.

முட்டைக் கோழிகளை அடைத்த வெறுங் கம்பிக்கூடுகளையும் அவ்வொன்றியம் 2012-இல் தடைசெய்தது. பரணும் முட்டையிடும் மறைவிடமும் வைத்துச் சற்றே விரித்தமைத்த கூடுகளை அச்சட்டம் விலக்கவில்லை; எல்லாக் கோழிகளையும் வெயிலில் விடவேண்டுமென்றும் விதிக்கவில்லை.